பொய்ச் சேதிகள் ஒட்டிய சுவர்

வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு வாயில் தெளிவாக வரும், கையில் வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டுக்கு எத்தனை ஸ்பீக்கர் போயிருக்கிறது என்ற குறிப்புதான். எனக்குத் தொழில் மைக் செட். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கடல் சேதி வாசித்த அக்காவைப் பற்றி எழுத வேண்டும். பெயர் எழுதப்போவதில்லை. நாலு வருசம் தினமும் மைக்கில் பேசியவர், ஒரு நாள்கூட அதில் தன் பெயரைச் சொன்னதில்லை. ஊருக்குத் தெரியும். வெளியே தெரிய வேண்டாம்.

இனயத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. சுனாமி வந்துபோன பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்தார் கோயிலை ஒட்டிய அறையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். தினமும் மத்தியானத்துக்கு மேல் அதில் கடல் சேதி வரும். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், என்ன வேகம் என்று எல்லாம் இங்கிலீசில் இருக்கும். அதைத் தமிழில் எழுதி நாலு மணிக்கு மைக்கில் வாசிக்க வேண்டும். கோயில் உச்சியிலும், கடற்கரையில் இரண்டு கம்பத்திலும் கோளாம்பி கட்டியிருந்தோம். பூ மாதிரி விரிந்த அந்தக் குழாய் ஸ்பீக்கரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதைக் கட்டியதும் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டதும் நான். வாசித்தது அக்கா. பிளஸ் டூ வரை படித்தவர். நாகர்கோவிலில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தார்.

மூன்றரைக்கே வந்துவிடுவார். மைக்கைக் கைலேஞ்சித் துணியால் துடைப்பார். சிலுவை போட்டுக்கொள்வார். அரை டம்ளர் தண்ணீர் குடிப்பார், மிச்ச அரையை வாசித்து முடித்தபிறகு. எதையும் இரண்டு தடவை வாசிப்பார். "அலை உயரம் ஒண்ணு புள்ளி நாலு மீட்டர். மறுபடியும் சொல்லுகேன். ஒண்ணு புள்ளி நாலு மீட்டர்." வெளியே பேசும்போது அவர் குரல் கீச்சுக் குரல். மைக் முன்னால் அது எப்படியோ கனத்துவிடும்.

கடற்கரையில் கிழிந்த வலைகளைத் தைக்கிற ஒரு பெரியவர் இருந்தார். வாய்த்துடுக்கு அதிகம். அக்கா வாசித்துவிட்டுக் கடற்கரை வழியாக வீட்டுக்குப் போகும்போது தினமும் வம்புக்கு இழுப்பார்.

"ஏட்டி, ஒண்ணு புள்ளி நாலுன்னா என்னட்டி? அந்தப் புள்ளியை எங்க கொண்டு வைக்க?"

"உமக்க மண்டையில வையும் மாமா. ஒரு மீட்டர்னு நெனச்சிட்டுப் போனா, அந்தப் புள்ளி நாலாக்கும் வள்ளத்தைக் கவுத்தும்."

"நாப்பது வருசமா நான் கடலைப் பாத்துத்தான் போனேன். ஒன்னைக் கேட்டுட்டா போனேன்?"

"பாத்துட்டே இரும். நான் வாசிச்சிட்டே இருக்கேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே போவார்.

அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. எந்த எச்சரிக்கையையும் தள்ள மாட்டார். கருங்கல் போகிற பஸ்ஸில் கை, தலை வெளியே நீட்டாதீர்கள் என்று எழுதியிருக்கும். நாமெல்லாம் அந்த எழுத்தின்மேலே தலையைச் சாய்த்துத் தூங்குவோம். அக்கா தன் முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில் இருக்கிற முன்பின் தெரியாத பெண்ணிடமும், "கையை உள்ள எடு பிள்ளே, எழுதிப் போட்டிருக்கல்லா" என்பார். சந்தை முக்கில் டிரான்ஸ்பார்மரில் மண்டையோட்டுப் படம் போட்ட தகடு தொங்கும். அதன் நிழலில்தான் மீன் விற்கிற பெண்கள் உட்காருவார்கள். அக்கா மட்டும் எதிர்ப்பக்கம் வெயிலில் நிற்பார். ஒரு தடவை தக்கலைக்குப் போகும்போது ஆட்டோக்காரர் இருமினார். "மருந்து குடிச்சியளா?" என்று கேட்டார் அக்கா. குடித்தேன் என்றார் அவர். "குடிச்சா வண்டி ஓட்டப்பிடாதுன்னு குப்பியில எழுதியிருக்கு" என்று சொல்லி, இறங்கி நடந்தே போய்விட்டார். நான் செட்டுச் சாமான்களோடு ஆட்டோவில் இருந்தேன். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "இவியளுக்கு என்னவாக்கும்?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தெரியாமல் இல்லை. சொல்ல முடியவில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் கோயில் முன்னால் ஏணியில் நின்று கிறிஸ்மஸ் ஸ்பீக்கர்களை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கீழே படிக்கட்டில் அக்கா நின்றார். அக்காவின் தங்கச்சி கடலோரத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் விருந்துப் பாத்திரங்களை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் குடிக்கு அடிமையான ஒருவர் கடலைப் பார்த்த முகமாகப் பின்பக்கமாகவே ஓடிவந்தார். "கடல் உள்ள போவுது, ஏறி வாருங்கோ, எல்லாரும் ஏறி வாருங்கோ" என்று கத்தினார். தங்கச்சி பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து, அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா படிக்கட்டில் இருந்தே சொன்னார், "அவனுக்கு நேத்துக் குடிச்சது இன்னும் இறங்கல்ல. நீ களுவு."

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். ஏணியில் நின்று நானும் சிரித்தேன். தங்கச்சி மறுபடி உட்கார்ந்தாள். அவள் கிடைத்தது மூன்றாம் நாள்.

அக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் யார் வாசிப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் எழுந்து நின்றார்.

இனி அந்தப் பொய்ச் சேதிகளைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. அக்கா கடல் சேதிப் பக்கத்தைத் திறந்திருந்தார். திடீரென்று திரைக்கு நடுவே ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் எப்போதாவது நம்மிடம் ஏதாவது கேட்கும்போது வருகிற அதே சாம்பல் நிறப் பெட்டி, அதே நீலத் தலைப்பு, மஞ்சள் முக்கோணத்தில் அதே ஆச்சரியக்குறி. கூடவே ஒரு மணிச்சத்தம். கீழே வினாடிகள் குறைந்துகொண்டே போயின. அக்கா அட்டை கிழிந்த இங்கிலீஸ் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தார்.

"கம்ப்யூட்டர் ஆபத்தில இருக்காம் மக்கா. முந்நூறுக்கு மேல பிழை இருக்காம். ஒடனே இதை அமுக்கணுமாம். இல்லன்னா அஞ்சு நிமிசத்தில எல்லாம் அழிஞ்சிருமாம்."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா கடல் சேதியுந்தான்லே."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினார். பெட்டி மறைந்தது. அக்கா மூச்சு விட்டு, "சொன்னவனுக்கு நல்லது வரட்டு" என்றார்.

மறுநாள் இரண்டு பெட்டி வந்தது. அடுத்த வாரம் ஐந்தாறு. எது என்ன சொன்னாலும் அக்கா அப்படியே செய்தார். கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் மந்தமானது. ஒரு நாள் மூன்றரை மணிக்கு அடியோடு நின்றுபோனது. அக்கா பக்கத்து ஊருக்கு நடந்து போய், அங்கே இருந்த கம்ப்யூட்டரில் வந்த சேதியை எழுதிக்கொண்டு ஓடிவந்து வாசித்தார்.

கருங்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் வந்து பார்த்தார். கல்ஃபில் பல வருசம் வேலை பார்த்துத் திரும்பியவர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதையெல்லாம் ஆருக்கா அமுக்கினது?"

"நான்தான். அமுக்கச் சொல்லிச்சு, அமுக்கினேன்."

"கம்ப்யூட்டர் சொல்லல்ல அக்கா. இது வெளம்பரமாக்கும். எங்கயோ இருந்து ஒருத்தன், கம்ப்யூட்டர் பேசுக மாதிரியே பெட்டி வரைஞ்சு விட்டிருக்கான். நீங்க அமுக்கினா அவனுக்க சாதனம் உள்ள ஏறிக்கிடும். பொறவு உள்ள இருந்துக்கிட்டே, சீக்கு இருக்கு, மருந்துக்குக் காசு கெட்டுன்னு கேக்கும்."

"அப்ப ஆபத்து இல்லியா?"

"ஒரு ஆபத்தும் இல்ல. அவன்தான் ஆபத்து."

அக்கா கேட்டார், "இல்லாத ஆபத்தை இருக்குன்னு ஒருத்தன் சொல்லுவானா?"

"அதுதானே அவனுக்க யாவாரம்."

"அவன் வீட்டில ஆளுங்க யாரும் இல்லியா?"

கடைக்காரர் மறுபடியும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

கடைக்காரர் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சரிசெய்து, போகும்போது சொன்னார், "இனியும் வரும் அக்கா. சாயங்காலம் பிள்ளைகள் பாட்டு இறக்குகதும் இதிலதானே. எது வந்தாலும் வாசிக்காதுங்கோ. வாசிச்சா பயம் வரும், பயம் வந்தா கை போவும். மேல மூலையில பெருக்கல் குறி இருக்கா? அதைக் குத்தி மூடிருங்கோ."

"வாசிக்காம மூடவா?"

"வாசிக்காமலே."

எழுதியிருப்பதை வாசிக்காமல் ஒதுக்க அக்கா படித்தது அப்படித்தான். முதலில் சிரமப்பட்டார். ஒவ்வொரு பெட்டியையும் முழுக்க வாசித்துவிட்டு, வாசலில் வந்து நிற்கிறவரைத் துரத்துகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடுவார். பிறகு தலைப்பை மட்டும் வாசித்தார். ஒரு வருசம் போனதும் அதுவும் இல்லை. ஒரு நாள் தன் அண்ணன் மகள் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் மூன்று பெட்டிகளை மூடினார்.

"அக்கா தேறிட்டியளே" என்றேன்.

அவர் பேச்சை நிறுத்தி, மவுஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "தேறினேனா, கெட்டேனா மக்கா?" என்றார்.

அடுத்த கோடையின் கடைசியில் ஒரு நாள். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. எனக்குக் கருங்கல்லில் ஒரு கல்யாண வீட்டுக்குச் செட்டுப் போட வேண்டும். வெளியே ஆட்டோவில் சாமான்களை ஏற்றிவிட்டு, அக்கா வாசித்து முடித்ததும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா அலை, காற்று எல்லாம் எழுதிவிட்டார். இரண்டு பெட்டிகளை மூடினார். மூன்றாவதாக ஒன்று வந்தது. அதை மூடாமல் கையை எடுத்தார்.

"மக்கா, இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

"என்ன போட்டிருக்கு?"

"எச்சரிக்கைன்னு போட்டிருக்கு. பக்கத்தில உள்ள வார்த்தை எனக்குத் தெரியல்ல. பொறு, பாக்கேன்." அகராதியை எடுத்தார்.

எனக்கு இங்கிலீசில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் நான் சொன்னேன், "அக்கா, கடைக்காரர் என்ன சொன்னார்? வாசிச்சா கை போவும்னுதானே? கம்ப்யூட்டர் மாதிரி வேசம் கெட்டினவன் இப்ப கடல் சேதி மாதிரியும் கெட்டுகான். மூடுங்க, நேரமாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வெளியே மறுபடி ஹாரன் அடித்தது. அகராதியைக் கீழே வைத்துவிட்டு மூடினார்.

நாலு மணிக்கு, அலை சாதாரணம் என்று இரண்டு தடவை வாசித்தார். நான் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடல் ஏறிவந்தது. மழையும் காற்றும் இல்லாத நாளில் திடீரென்று எழும்பி வருகிற அதை எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்போம். மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தது. ஆறு வீடுகளின் அடுப்படியில் மணல் நிறைந்தது. வலை தைக்கிற பெரியவர் ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்திருந்தார். அந்த வள்ளம் அவர் வலது காலின்மேல் உருண்டது. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் முட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு வள்ளத்துக்கும் சேதம் இல்லை. நாலு மணிக்கு அங்கே அந்த எச்சரிக்கையை வாசித்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் ரோட்டோரம் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கோயில் பங்கு மண்டபத்தில் கூட்டம். கமிட்டித் தலைவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார், "சேதி வந்துதா, வரல்லியா? வரல்லன்னா மேல எழுதிக் கேப்போம்." வரவில்லை என்று அக்கா சொல்ல வேண்டும் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த ஒரு சொல் போதும். யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

"வந்துது" என்றார் அக்கா. "நான் மூடினேன்."

"எதுக்கு மூடுன?"

"பொய்யின்னு நெனச்சேன்."

நான் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தேன். முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூச்சம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "நாளையில இருந்து வேற ஆள் வாசிக்கட்டு" என்று அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மைக்கை விட்டாரே தவிர அறையை விடவில்லை. அடுத்து வாசிக்க வந்தவள் ஊருக்குப் புதிதாக வாழ வந்த மருமகள். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருப்பார். மவுஸைத் தொட மாட்டார். பொய்ப் பெட்டி ஒன்று வந்தால் அதை அப்படியே அச்செடுக்கச் சொல்வார். கருங்கல் கடைக்காரரிடமும் வேறு பெட்டிகளின் படம் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் மைதாப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டினார். இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதினார். "இது பொய். நேரம் ஓடும்." "இது பொய். உடனே உடனே என்று சொல்லும்." "இது பொய். பரிசு விழுந்தது என்று சொல்லும். நமக்குப் பரிசு தர அங்கே யாரும் இல்லை." எதிர்ச் சுவரில் ஒரே ஒரு தாள். அதில் கடல் எச்சரிக்கையின் படம். அதன் கீழே எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். "இது மெய். பயமுறுத்தாது. தேதி இருக்கும். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரை வரை என்று இருக்கும். தெரியாத வார்த்தை இருந்தால் அகராதி பார்க்கவும். பார்க்கும் வரை மூடக் கூடாது."

பெரியவர் வீட்டுக்கு அக்கா வாரம் தவறாமல் போவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். அவர் கட்டிலில் இருந்தபடியே வலை தைத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும், "ஏட்டி, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வராத. நீ வாசிச்சிருந்தா நான் கேட்டிருப்பேனா? சிரிச்சிட்டு அங்கேயேதான் இருந்திருப்பேன்" என்றார்.

"நீரு சிரிக்கது உமக்க பாடு மாமா. வாசிக்கது எனக்க பாடு. நான் வாசிச்சிருக்கணும்."

பெரியவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தார்.

போன மாதம் அக்கா இறந்துபோனார். கொஞ்ச நாளாகவே நெஞ்சுவலி. அடக்கத்துக்கு நான்தான் செட்டுப் போட்டேன். பூசை முடிந்து ஒயரைச் சுற்றும்போது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். "நல்ல மனுசியாக்கும். அந்த ஒரு நாள் கவனம் தப்பிட்டு. அந்தக் காலு போனது போனதுதானே."

கவனம் தப்பவில்லை. அவர் அகராதியைக் கையில் எடுத்தார். கீழே வைக்கவைத்தது நான். இது ஊருக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதி, கோயில் திருவிழா மலருக்குக் கொடுக்கிறேன். பெரியவருக்கு மட்டும் நேற்றே போய் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "இனி நீ போ" என்று மட்டும் சொன்னார். போனேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கூட்டம் நடந்த மறுநாள் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்று, "அக்கா, மூடச் சொன்னது நான்தான்னு எல்லாரிட்டயும் சொல்லிருதேன்" என்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"நீ வாயால சொன்ன. மூடினது எனக்க கையில்லா? வாசிக்க இருந்தது நானில்லா? நீ ஒண்ணும் சொல்லாண்டாம். செட்டுத் தொழிலைப் பாத்துப் பிள்ளைகளைக் காப்பாத்து. போ மக்கா."

நான் மறுபடி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. வீட்டுக்குப் போய் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

2016 நவம்பர் 2, புதன், ஆத்துமாக்கள் திருநாள்.